முல்லைப்பாட்டும் தேர்வுத்தாளும்



சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையில் அம்பத்தூரை அடுத்து வருவது திருமுல்லைவாயில். ஒருபுறம் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை. மறுபுறம் ஆவடியின் படைக்கலத் தொழிற்சாலைகள். இவ்விரண்டிற்கும் இடையில் மாசிலாமணீசுவரர் கோயில் கொண்டு விளங்குகிறது அப்பழம்பதி. சுந்தரமூர்த்தி சுவாமிகளின் பதிகம் பெற்ற தலம் அது. அவ்வூரிலேயே பிறந்து வளர்ந்த கல்லூரி மாணவர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் என்னைத் தேடி வந்தார். கையில் திருத்தப்பெற்ற விடைத்தாள், முகத்தில் வாட்டம். திருமுல்லைவாயில் பதிகத்தின் இலக்கிய நயத்தை ஆராய்ந்து எழுதுமாறு தேர்வில் கேட்டிருந்தார்கள். இருபது மதிப்பெண்ணுக்கு ஆறு கிடைத்திருந்தது. மேற்படிப்புக்கு இடம் கிடைப்பதும் கிடைக்காமற் போவதும் அந்தத் தாளைப் பொறுத்திருந்தது.

"ஐயா, அந்தக் கோயில் வாசலில் விளையாடி வளர்ந்தவன் நான். எனக்கே இந்தப் பதிகத்தில் ஆறு மதிப்பெண் என்றால் வேறு யாருக்கு முழு மதிப்பெண் கொடுப்பார்கள்?" என்று கேட்டார்.

விடையை வாங்கிப் படித்தேன். கையெழுத்து அழகு. நடையிலும் குறையில்லை. தொண்டைமான் குறும்பர்மேற் படையெடுத்துச் சென்ற கதை நான்கு பக்கங்களில் விரிந்திருந்தது. அவன் ஏறிவந்த யானையின் காலை முல்லைக்கொடி சுற்றிக்கொண்டது, வாளால் கொடியை வெட்டினான், குருதி பெருகியது, உள்ளே இலிங்கத் திருமேனி, நடுங்கித் தன் தலையை அரியப்புகுந்தான், இறைவன் வெளிப்பட்டு நந்தியெம்பெருமானைத் துணையாக அனுப்பினார், குறும்பர் கோட்டையிலிருந்து பெயர்த்துக் கொணர்ந்த வெள்ளெருக்குத் தூண்கள் இரண்டும் இன்றும் கருவறை வாயிலில் நிற்கின்றன, படைக்குப் புறப்பட்ட நந்தி ஆதலால் இறைவனை நோக்காமல் வெளிப்புறம் நோக்கியிருக்கிறது. தலவரலாறு என்ற அளவில் எல்லாம் முறையாகவே இருந்தன. முடிவில், "இத்தகைய பக்திச்சுவை ததும்பும் பதிகம் படிப்போர் உள்ளத்தைக் கொள்ளை கொள்கிறது" என்று ஒரு வாக்கியம்.

"தம்பி, பதிகத்தை எடுத்து வாருங்கள். அந்த வாள் எந்தப் பாட்டில் இருக்கிறது என்று காட்டுங்கள்" என்றேன்.

பதினொரு பாட்டையும் புரட்டினார். வாள் இல்லை. குருதி இல்லை. குறும்பரும் இல்லை.

இம்மாணவருக்கு நேர்ந்தது அவர் ஒருவருக்கு மட்டும் நேர்ந்ததன்று. பாட்டைப் பற்றிக் கேட்டால் பாட்டைச் சூழ்ந்திருப்பவற்றை எழுதிவிடுவது நம்மிடையே நெடுநாளாக உள்ள பழக்கம். இப்பழக்கத்தை எதிர்த்துத் தமிழில் ஒருவர் முதன்முதலாக வலிமையுடன் எழுதிய நூலும் ஒரு முல்லையைப் பற்றியதுதான். அதுவும் தேர்வுக்குப் படித்த மாணவர்களின் பொருட்டுத் தோன்றியதுதான். அந்த வரலாற்றைச் சிறிது பார்த்துவிட்டு மீண்டும் திருமுல்லைவாயிலுக்கு வருவோம்.

பாட்டுக்கு உரை காண்பதும், அவ்வுரையைத் தேர்ந்து மதிப்பிடுவதும் தமிழர்க்குப் புதியன அல்ல. இறையனார் களவியலுக்குப் புலவர் பலர் உரை கண்டபோது, எது மெய்யுரை என்று தீர்ப்பதற்கு உருத்திரசன்மன் என்னும் ஐந்து வயது ஊமைப்பிள்ளையை நடுவில் இருத்தினார்கள் என்று அந்நூலின் உரைவரலாறு கூறுகிறது. மருதன் இளநாகனார் உரை சொன்னபோது சிற்சில இடங்களில் பிள்ளை கண்ணீர் வார்ந்தது. நக்கீரர் சொன்னபோதோ சொல்தோறும் கண்ணீர் வார்ந்து மெய்சிலிர்த்தது. இதனைக் கதை என்றே கொள்வோம். ஆயினும், 'சிற்சில இடங்களில்', 'சொல்தோறும்' என்ற அந்த வேறுபாட்டை எண்ணிப் பாருங்கள். உரை ஒவ்வொரு சொல்லையும் தொடவேண்டும் என்ற அளவுகோல் அக்கதைக்குள் கிடக்கிறது. விடைத்தாள் திருத்துவோர் அத்துணை மென்மையான மனமுடையவர் அல்லர் என்பது வேறு செய்தி.

1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த சி.வை. தாமோதரம் பிள்ளை அதன் முதற் பட்டதாரிகளுள் ஒருவர். பின்னாளில் தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் அச்சேற்றியவரும் அவரே. பட்டத்தேர்வு வந்தது, வினாத்தாள் வந்தது, ஆனால் மாணவர் கையில் நூல்கள் இல்லை. சங்கப் பாட்டுக்கள் ஏடுகளில் உறங்கிக்கொண்டிருந்தன. உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவகசிந்தாமணியையும் 1889-இல் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடும் பதிப்பித்த பிறகுதான் முல்லைப்பாட்டு என ஒன்று உண்டு என்பதைக் கல்லூரி மாணவர் கண்ணாற் கண்டனர். நூல் கிடைத்தது, அதனை எவ்வாறு படிப்பது என்பது கிடைக்கவில்லை. ஆங்கிலப் பாட்டு ஒன்றைப் பற்றி எழுதும்போது அதன் அமைப்பையும் உணர்ச்சியையும் ஆராய்ந்த அதே மாணவர், தமிழ்ப் பாட்டு என்றவுடன் பதவுரையையும் இலக்கணக் குறிப்பையும் மனப்பாடம் செய்து ஒப்புவித்தார். ஒரு மொழியின் இலக்கியத்தை ஆராய்வதற்குரியதாகவும் மற்றொரு மொழியின் இலக்கியத்தை ஒப்புவிப்பதற்குரியதாகவும் ஆக்கிய அப்பிரிவினை சிறிய தீங்கன்று. 1902-ஆம் ஆண்டளவில் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்திலிருந்து தாய்மொழிகளை நீக்கும் எண்ணம் எழுந்தபோது, சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் தமிழ்ப் பேராசிரியர் பரிதிமாற்கலைஞரும் மு.சி. பூரணலிங்கம் பிள்ளையும் முன்னின்று எதிர்க்க வேண்டியதாயிற்று.

அக்கல்லூரி அப்போது தாம்பரத்தில் இல்லை. சென்னை நகரின் நடுவே இருந்தது. அங்கே 1898-இல் தமிழாசிரியராக வந்து சேர்ந்தவர் நாகப்பட்டினத்து வேதாசலம். பிற்காலத்தில் மறைமலையடிகள் எனப் புகழ்பெற்றவர். அவர் வேலைக்கு வந்த நாளைப் பற்றி ஒரு சுவையான செய்தி வழங்குகிறது. குற்றியலுகரத்திற்கு எடுத்துக்காட்டு என்ன என்று பரிதிமாற்கலைஞர் வினவினாராம். "அஃது எனக்குத் தெரியாது" என்றாராம் வேதாசலம். உடனிருந்தோர் திகைத்தனர். பரிதிமாற்கலைஞரோ மகிழ்ந்தார். அஃது என்பது ஆய்தத்தொடர். எனக்கு என்பது வன்றொடர். தெரியாது என்பது உயிர்த்தொடர். மூன்று சொல்லும் மூன்று குற்றியலுகரம்! நம் மாணவர்கள் தேர்வில் இவ்விடையை எழுதிப் பார்க்க வேண்டா. எதிரே பரிதிமாற்கலைஞர் இருந்தால்தான் அது செல்லும்.

கல்லூரி வகுப்புக்கு முல்லைப்பாட்டு பாடமாக வந்தபோது, முப்பது வயது நிரம்பாத அவ்வாசிரியர் மாணவர்க்காக எழுதியதே 'முல்லைப்பாட்டு ஆராய்ச்சியுரை'. ஆண்டு 1903. மூன்று ஆண்டுகள் கழித்துப் பட்டினப்பாலைக்கும் அவ்வாறே எழுதினார். பாட்டு என்பது யாது, அதன் இயற்கை யாது, இந்தப் பாட்டின் உணர்ச்சி எவ்வாறு தொடங்கி எவ்வாறு வளர்கிறது என்றெல்லாம் கேட்டுக்கொண்டு ஒரே ஒரு பாட்டைத் தமிழில் முழுமையாக ஆராய்ந்த நூல் அதற்கு முன் இல்லை என்றே சொல்லலாம். நூலில் எல்லோரையும் திடுக்கிடச் செய்த பகுதி நச்சினார்க்கினியரை மறுத்த பகுதியாகும். உச்சிமேற் புலவர் கொள் நச்சினார்க்கினியர் என்று போற்றப்படும் அப்பேருரையாசிரியர், பாட்டின் அடிகளை இருந்தவாறே வைத்துப் பொருள் கொள்ளவில்லை. முன்னுள்ளதைப் பின்னும் பின்னுள்ளதை முன்னுமாக எடுத்து, 'மாட்டு' என்னும் முறையால் பிணைத்துத் தாம் கருதிய பொருளுக்கு ஏற்ப வரிசைப்படுத்தினார். இளைஞர் வேதாசலம் இதனை ஏற்கவில்லை. புலவன் வைத்த முறையிலேயே பொருள் செல்கின்றபோது அதனை அறுத்து ஒட்டுவது பாட்டின் உயிரைக் கெடுப்பதாகும் என்று எழுதினார்.

அவர் சொன்னது சரியா என்று நாமே சோதித்துப் பார்க்கலாம். தேர்வுக்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை. முல்லைப்பாட்டு 103 அடிகளால் ஆனது. பத்துப்பாட்டுள் மிகச் சிறியது. காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வாணிகனார் மகனார் நப்பூதனார் பாடியது. கடல்நீரைப் பருகி எழுந்த மேகம், சக்கரமும் சங்கும் ஏந்தி நிமிர்ந்த திருமாலைப் போல் எழுகிறது என்று பாட்டுத் தொடங்குகிறது. மழைக்கால மாலை. முதிய பெண்டிர் ஊர்ப்புறம் சென்று நெல்லும் முல்லைமலரும் தூவி நற்சொல் கேட்டு நிற்கின்றனர். பசியால் துயருறும் கன்றைப் பார்த்து ஆய்மகள் ஒருத்தி, உன் தாயர் இதோ வந்துவிடுவர் என்று தேற்றும் சொல் அவர்கள் காதில் விழுகிறது. அது நன்னிமித்தம், தலைவன் வந்துவிடுவான் என்று தலைவியைத் தேற்றுகின்றனர். அவளோ கண்ணீர் உகுக்கிறாள். பாட்டு அங்கிருந்து போர்ப்பாசறைக்குத் தாவுகிறது. நாழிகையை அறிந்து சொல்வோர். காவல் புரியும் யவனர். வாயாற் பேசாது உடற்குறிப்பாற் பேசும் மிலேச்சர். நடுவே உறக்கமின்றி அரசன். புண்பட்ட யானைகளையும் பட்ட வீரரையும் நினைந்தவனாய் இருக்கிறான். மீண்டும் அரண்மனை. எழுநிலை மாடத்தில் விளக்கொளியில் கிடக்கும் அரசி, கூரையின் விளிம்பிலிருந்து கொட்டும் மழைநீரின் ஓசையைச் செவிமடுத்துக்கொண்டிருக்கிறாள்.

இப்போது கூர்ந்து பாருங்கள். கன்றைத் தேற்றும் சொல்லைக் கேட்கிறார்கள். நாழிகை சொல்லும் குரல் கேட்கிறது. பேசாத காவலர் நிற்கிறார்கள். மழையின் ஓசையை அரசி கேட்கிறாள். இது காதால் ஆகிய பாட்டு! இறுதியில் அவளுடைய செவி நிறைய ஓர் ஓசை வந்து விழுகிறது. எதன் ஓசை? புலவர் உடனே சொல்லவில்லை. ஒலித்தன என்னும் வினையை முதலில் வைத்துவிட்டு, வென்று மீளும் படையைக் காட்டுகிறார்; கொம்பும் சங்கும் முழங்குவதைக் காட்டுகிறார்; காயாவும் கொன்றையும் தோன்றியும் பூத்த காட்டுவழியைக் காட்டுகிறார். இத்தனைக்கும் பிறகு, பாட்டின் கடைசிச் சொல்லாகத்தான் எழுவாய் வருகிறது: தேரிற் பூட்டிய குதிரைகள். ஒலித்தவை அவையே. தொடக்கத்தில் திருமாலின் கையில் ஒலியின்றி இருந்த சங்கு முடிவில் வெற்றிச் சங்காக முழங்குவதையும் சேர்த்துப் பாருங்கள்.

முல்லைத் திணையின் உரிப்பொருள் இருத்தல், அதாவது காத்திருத்தல். அரசி காத்திருக்கிறாள் என்று புலவர் சொன்னதோடு நிற்கவில்லை. எழுவாயைக் கடைசிச் சொல்வரை தராமல் நம்மையும் காத்திருக்க வைக்கிறார். அடிகளை அறுத்து ஒட்டினால் இந்தக் காத்திருப்பு மறைந்துபோகும். வேதாசலம் வரிசையைக் காக்கப் போரிட்டதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

நச்சினார்க்கினியர்பால் நமக்குள்ள நன்றி இதனால் குறையவேண்டியதில்லை. அவர் பொருள் எழுதாதிருந்தால் பல சொற்களின் முன் நாம் அந்த மிலேச்சரைப் போல் வாய்பேசாது நின்றிருப்போம். அவருக்கும் ஓர் இடர்ப்பாடு இருந்தது. காத்திருப்பது முல்லை, இரங்குவது நெய்தல் என்பது இலக்கணம். இப்பாட்டின் தலைவியோ அழுகிறாள். இலக்கணத்தைக் காப்பதா, பாட்டைக் காப்பதா? தேர்வில் இக்கேள்வியை நீங்களே எழுப்பி, ஒரு பக்கம் நின்று, பாட்டிலிருந்து சான்று காட்டி விடையெழுதினால் திருத்துபவர் நிமிர்ந்து உட்காருவார். அவர் உங்களுடன் மாறுபடலாம். அதனால் மதிப்பெண் குறையாது. மறைமலையடிகளிடத்தும் குறையில்லாமல் இல்லை. பாட்டு என்றால் என்ன என்று பொதுவாக விரித்துரைப்பதில் அவருக்கு விருப்பம் மிகுதி. 103 அடிப் பாட்டை நோக்கி அவர் வருவதற்குள் நாம் நெடுந்தொலைவு நடந்துவிடுகிறோம். மூன்று மணி நேரத் தேர்வில் அம்முறையைப் பின்பற்ற இயலாது. பாட்டின் கதவைத் தட்டுவதற்கு முன் ஊர்வலம் வேண்டா.

இதே காலத்தை ஒட்டி மேல்நாட்டிலும் ஒரு சோதனை நடந்தது. கேம்பிரிட்ஜில் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் என்ற பேராசிரியர் பதின்மூன்று பாட்டுக்களை ஆசிரியர் பெயரும் காலமும் குறிக்காமல் மாணவர்களிடம் கொடுத்துக் கருத்து எழுதச் சொன்னார். 1929-இல் அவர் வெளியிட்ட நூலில் அம்மாணவர்களின் விடைகள் உள்ளன. நன்றாகப் படித்த மாணவர்களும் பாட்டின் நேர்ப்பொருளையே தவறவிட்டிருந்தனர். பாட்டில் ஒரு சொல்லைக் கண்டவுடன் தம் மனத்தில் முன்பே ஆயத்தமாக இருந்த உணர்ச்சியை எடுத்துக் கொட்டியிருந்தனர். ஆசிரியரின் பெயரை மறைத்ததால்தான் அந்நோய் வெளிப்பட்டது. நம் நாட்டிலோ பெயரை மறைத்தாலும் பயனில்லை. வினாவின் முதற்சொல்லைக் கண்டவுடன் புலவரின் பிறந்த ஊர், பெற்றோர், இயற்றிய நூல்கள் ஆகிய மூன்றும் பேனாவிலிருந்து தாமே ஒழுகத் தொடங்கிவிடும். விடைத்தாள் திருத்திய நாட்களில் ஒரே கோனார் உரையோ வேறு குறிப்போ ஊட்டிய ஒரே வாக்கியத்தை அடுத்தடுத்து முப்பது தாள்களில் படித்திருக்கிறேன். முப்பத்தோராவது தாளில் ஒரு பிழையான, ஆனால் சொந்தமான கருத்தைக் காணும்போது ஏற்பட்ட மகிழ்ச்சியை எப்படிச் சொல்வது!

இனித் திருமுல்லைவாயில் பதிகத்திற்கு மீள்வோம். முதலில் ஓர் எச்சரிக்கை. சீகாழிக்கு அருகில் கடற்கரையில் மற்றொரு திருமுல்லைவாயில் உண்டு. அது திருஞானசம்பந்தர் பாடியது, தென்திருமுல்லைவாயில் எனப்படும். நாம் பேசுவது வடதிருமுல்லைவாயில். இரண்டையும் கலந்து எழுதிய விடைகளும் உண்டு.

அம்மாணவரிடம், "கதையை முழுவதும் மறந்துவிடுங்கள். பதிகத்தில் உள்ளதை மட்டும் சொல்லுங்கள்" என்றேன். தொண்டைமான் பதிகத்தில் இருக்கிறான், பத்தாம் பாட்டில். முல்லைக்கொடியும் இருக்கிறது. ஆனால் அங்கே யானையைக் கொடியால் கட்டியவன் இறைவன். கட்டியதன் பயன், தொண்டைமான் எல்லையற்ற இன்பம் பெற இறைவன் வெளிப்பட்டது. ஊரார் சொல்லும் கதையில் அச்சமும் குருதியும் முன்நிற்கின்றன; சுந்தரர் பாட்டில் இன்பம் முன்நிற்கிறது. இரண்டில் எது உண்மை என்பது தேர்வின் கேள்வி அன்று. புலவர் எதை எடுத்துக்கொண்டார், ஏன் எடுத்துக்கொண்டார் என்பதே கேள்வி.

அடுத்து, சுந்தரர் கண்ணிழந்த செய்தி. திருவொற்றியூரில் சங்கிலியாருக்குச் செய்து கொடுத்த சூளுறவைக் கடந்து ஊரெல்லையைத் தாண்டியபோது அவர் பார்வை மறைந்தது என்றும், அந்நிலையில் வடதிருமுல்லைவாயிலுக்கு வந்து பாடினார் என்றும் பெரியபுராணம் சொல்லும். சேக்கிழார் சுந்தரருக்குச் சில நூற்றாண்டுகள் பிற்பட்டவர். ஆகவே இதனையும் தள்ளிவிடலாமா? கூடாது. பதிகத்தின் மூன்றாம் பாட்டிலேயே, சங்கிலிக்காகத் தம் கண்ணை இறைவன் கொண்டான் என்று சுந்தரர் தம் வாயால் சொல்கிறார். வாளைத் தேடியபோது வெறுங்கையோடு வந்தோம். கண்ணைத் தேடினால் கிடைக்கிறது. சான்று என்பது இதுதான். விடையில், "பெரியபுராணம் கூறும் இச்செய்திக்குப் பதிகத்தின் மூன்றாம் பாட்டே அகச்சான்று" என்று ஒரு வரி எழுதுகின்ற மாணவர், நான்கு பக்கம் கதை எழுதியவரைக் காட்டிலும் மிகுதியாக எழுதியவர் ஆவார்.

ஐந்தாம் பாட்டில் ஓர் ஆறு வருகிறது. சந்தன வேரும் அகிலும் மயிற்பீலியும் யானைத் தந்தமும் முத்தும் பவளமும் சுமந்து வரும் பாலி ஆறு. அதன் வடகரையில் முல்லைவாயில். இன்று திருமுல்லைவாயிலுக்குத் தெற்கே பாலாற்றைத் தேடிப் போனால் செங்கற்பட்டையும் தாண்ட வேண்டும். பாலாறு ஒரு காலத்தில் வடக்கே கொற்றலையாற்றின் பக்கமாக ஓடியது என்று ஆராய்ச்சியாளர் கூறுவதற்கு இத்தகைய பாட்டுக்களும் துணைசெய்கின்றன. ஆயினும் அந்த ஆறு பவளத்தையும் சுமந்து வந்தது என்று வரலாறு எழுதிவிடக் கூடாது. பவளம் கடலிற் பிறப்பது. மலையிலிருந்து இறங்கும் ஆறு அதனைக் கொண்டுவராது. ஆற்றைப் பாடும்போது இப்பொருள்களை அடுக்குவது புலவர் மரபு. ஒரே பாட்டில் ஊரின் இருப்பிடம் மெய்ச்செய்தியாகவும் ஆற்றின் சுமை மரபாகவும் வருகின்றன. இரண்டையும் பிரித்துக் காட்டத் தெரிந்தவரே ஆராய்ந்தவர். கோயில் இறைவனின் பெயரான மாசிலாமணி என்பதும் இதே பாட்டில் இருக்கிறது என்று அம்மாணவர் கண்டுபிடித்து மகிழ்ந்தார். சிறுவயது முதல் கோபுரத்தில் படித்த பெயர்!

பதிகத்தின் குரலைப் பற்றியும் சொல்லவேண்டும். இஃது அழுது கெஞ்சும் குரல் என்று பலர் எழுதுகிறார்கள். சரியன்று. உன் திருவடியே எனக்குச் செல்வம் என்ற செருக்கில் ஒருவரையும் மதியாமல் தகாதன செய்து பிணங்கித் திரிந்தேன் என்று முதற்பாட்டிலேயே சொல்கிறார். ஆறாம் பாட்டில், குற்றம் செய்தாலும் அதனைக் குணமாகக் கொள்பவன் நீ என்பதனாலேயே வரம்பு கடந்தேன் என்கிறார். தவற்றை ஒப்புக்கொள்கிறார், அத்தவற்றிற்கு இறைவனையே பொறுப்பாளியும் ஆக்குகிறார்! நெருங்கிய நண்பரிடம் கடன்பட்டவன் பேசும் பேச்சு இது. பக்திச்சுவை ததும்புகிறது என்ற ஒற்றை வாக்கியத்தால் இந்த நுட்பத்தை மூடிவிடக் கூடாது. ததும்புகிறது, கொள்ளை கொள்கிறது, சொல்லில் அடங்காது ஆகிய மூன்றையும் உங்கள் விடையில் எங்கே கண்டாலும் அடித்துவிட்டு, அந்த இடத்தில் பாட்டிலுள்ள ஒரு சொல்லைப் பற்றி ஒரு வாக்கியம் எழுதுங்கள்.

தேர்வுமுறையைப் பற்றி அம்மாணவர் நேராகவே கேட்டார். "இவ்வளவையும் எழுத நேரம் எங்கே, ஐயா?" நியாயமான கேள்வி. இவ்வளவையும் எழுதவேண்டியதில்லை. எழுதத் தொடங்குமுன் பத்து நிமிடம் பாட்டை மட்டும் இரண்டு மூன்று முறை படிக்கவேண்டும். அந்தப் பத்து நிமிடம் வீண் என்று பக்கத்து மாணவர் கூடுதல் தாள் வாங்கும் ஓசை சொல்லும். அதற்குச் செவிசாய்க்க வேண்டா. படித்தபின், இப்பாட்டைப் பற்றி நான் சொல்லப்போகும் ஒன்று யாது என்று தமக்குத் தாமே ஒரே வாக்கியத்தில் சொல்லிப் பார்க்கவேண்டும். முல்லைப்பாட்டுக்கு, 'இது கேட்டுக் காத்திருப்பவரின் பாட்டு; படிப்பவரையும் அவ்வாறே காத்திருக்க வைக்கிறது' என்பது அத்தகைய ஒரு வாக்கியம். அதன்பின் அந்த ஒன்றுக்கு எது சான்றோ அதுமட்டுமே விடையில் இடம்பெறும். உவமை நயம், தொடை நயம் என்று தலைப்பிட்டு எல்லாவற்றிலும் ஒவ்வொரு பிடி அள்ளிவைப்பது கடைக்காரர் மாதிரிச் சரக்குக் காட்டுவது போன்றது. வாங்கியவர் சமைக்கமுடியாது.

பத்தாம் பாட்டைப் பற்றி என் கருத்தை அவரிடம் சொன்னேன். தொண்டைமான் கதையைச் சுந்தரர் ஊர்ப்பெருமைக்காக மட்டும் சொல்லியிருக்கமாட்டார். போருக்குப் போன அரசனை ஒரு கொடி தடுத்து நிறுத்தியது. அந்தத் தடையே அவனுக்கு இன்பமாயிற்று. வழி நடந்த புலவரைக் கண்ணிழப்புத் தடுத்து நிறுத்தியிருக்கிறது. தமக்கும் அவ்வாறே ஆகவேண்டும் என்பது சொல்லாமற் சொன்ன வேண்டுகோள். ஆதலால்தான் அதனை வேண்டுதலின் கடைசிப் பாட்டில் வைத்தார். இது பாட்டிற்குள் நின்று நான் செய்யும் ஊகம். ஊகம் என்று சொல்லியே விடையிலும் எழுதவேண்டும்.

அவர் ஒன்றும் பேசவில்லை. பதிகத்தை வாங்கிக்கொண்டு போனார். ஒரு வாரம் கழித்துக் காலையிலேயே வந்து நின்றார். "ஐயா, ஒன்பதாம் பாட்டைப் பார்த்தீர்களா?" என்றார். மார்க்கண்டேயர் செய்தி உள்ள பாட்டு அது. எத்தனையோ முறை படித்திருந்தேன். "அங்கே காலன் எதற்கு வருகிறான்? கட்டுவதற்கு வருகிறான். அதற்கு அடுத்த பாட்டில் இறைவன் யானையைக் கட்டுகிறான். ஐந்தாம் பாட்டிலேயே என் கட்டைத் தீர் என்று கேட்டிருக்கிறார். காலன் கட்டுவது ஒன்று. இறைவன் கட்டுவது வேறு. இரண்டையும் அடுத்தடுத்து வைத்தது எதற்காக? தமக்கு நேர்ந்த கட்டு இவற்றில் எது என்று அவருக்கே தெரியவேண்டியிருந்தது போலும்!"

என் குறிப்பேட்டை எடுத்து அதனை எழுதிக்கொண்டேன். முன்பு வாங்கிய விடைத்தாளைப் பற்றி அவர் பேசவேயில்லை. மறுதேர்வு வரும் திங்கட்கிழமை என்று மட்டும் சொல்லிவிட்டு, ஆவடி வண்டிக்கு நேரமாயிற்று என்று புறப்பட்டார்.